பெரியக்காவுக்குப் பதிலாக ஒரு கேமரா

மண்டபத்துச் சமையல்காரரிலிருந்து நாற்காலி வாடகைக்காரர் வரை எல்லாருக்கும் அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. சின்னக்காதான் போட்டோகிராபர். மேடைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "மாப்பிள்ளை கொஞ்சம் இந்தப் பக்கம், அம்மா நீங்க சிரிக்கலாம், காசு கேக்க மாட்டோம்" என்று அதட்டாமல் அதட்டி வேலை வாங்குகிறவள். பெரியக்கா இரண்டாவது கேமரா. நீண்ட லென்ஸை மாட்டிக்கொண்டு சுவரோரமாகவே நடப்பாள். வாசலில் தனியாக நின்று சட்டைக் கையால் மூக்கைத் துடைக்கும் பெண்ணின் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை அமுக்கிக்கொள்ளும் சித்தி, பக்கத்துத் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டே சாப்பிடும் பெரியவர். யாரும் கவனிக்காத ஆட்களெல்லாம் அவள் கணக்கு.

இந்த வேலைக்கென்று அவள் பிறக்கவில்லை. தையல் கம்பெனியில் பொத்தான் பிரிவில் இருந்தாள். கம்பெனியை மூடிய வருஷம் தங்கை வந்து, "சும்மா வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போற? பை தூக்கிட்டு வா" என்று கூட்டிக்கொண்டு போனாள். பை தூக்கப் போனவள் கையில் ஒருநாள் கேமரா வந்தது. அதற்கப்புறம் பையையும் தூக்கினாள், கேமராவையும் தூக்கினாள். பதினோரு வருஷம்.

அந்தப் பதினோரு வருஷமும் பெரியக்காவின் கழுத்திலும் வலது தோளிலும் தங்கியிருந்தது. திங்கட்கிழமை காலையில் படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழுந்திருக்க முடியாது. ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, தவணை முறையில்தான் எழ வேண்டும். "கல்யாணப் பொண்ணு ஒரு நாள்தான் கழுத்தை நீட்டுறா. நான் வாராவாரம் நீட்டுறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். முதலில் சொன்னபோது புருஷனும் சிரித்தார். இப்போதெல்லாம் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அவள் இந்த வேலையிலிருந்து நின்றுபோகக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய மண்டபம், ஏசி பாதிதான் வேலை செய்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றிக்கொள்ள எழுந்து நின்றார்கள். சின்னக்கா ஒரு படம் எடுத்தாள். இரண்டாவதுக்கு அழுத்தியபோது, கேமரா தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போனது போனதுதான், இறங்கவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. அணைத்துப் போட்டாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ம்ஹூம்.

பெரியக்கா பக்கத்தில்தான் இருந்தாள். சின்னக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, அக்காவின் கழுத்தில் கிடந்த பட்டையைத் தலைக்கு மேலாக உருவினாள், ஆணியில் தொங்குகிற சட்டையை எடுப்பது போல. பட்டையில் முடி சிக்கி இழுத்தது. கொண்டை ஊசி எங்கோ தெறித்து விழுந்தது. நீண்ட லென்ஸைத் திருகிக் கழற்றி, தன் லென்ஸை மாட்டி, செத்துப்போன கேமராவையும் நீண்ட லென்ஸையும் "இந்தா, பிடி" என்று அக்காவின் கைகளில் திணித்துவிட்டு, மோதிரம் விரலில் ஏறி முடிவதற்குள் படம் எடுத்துவிட்டாள். கெட்டிக்காரிதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

யாரோ பெற்ற இரட்டைப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் போல பெரியக்கா கொஞ்ச நேரம் நின்றாள். தங்கை இப்போது திரும்புவாள், அப்போது திரும்புவாள் என்று பார்த்தாள். சின்னக்கா மேடையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். பெரியக்கா இரண்டையும் பையில் வைத்து மூடினாள். கடைசி வரிசையில் சுவரோரமாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணத்தையும் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருந்தது. மெதுவாக நடந்தது. யாரும் எங்கேயும் ஓடவில்லை. ஒரு பெண்மணி வந்து, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டாள். "ரெண்டுக்கும் வேண்டியவங்க" என்றாள் பெரியக்கா. அந்தப் பெண்மணி குளிர்பானம் ஒன்றை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் பாதி குடித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தபோது அவள் வரிசை நாற்காலிகளையெல்லாம் எடுத்து அடுக்கிவிட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் சின்னக்கா வாய் ஓயாமல் பேசினாள். கேமரா நின்ற விதம், பெண்ணின் அம்மாவுக்குத் தெரியாமலே சமாளித்த விதம். கடைசியில், "நல்லவேளை, உன் கேமரா இருந்துச்சு" என்றாள்.

"ம்" என்றாள் பெரியக்கா.

நல்லவேளை, நீ இருந்தாய் என்று தங்கை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகக் கோபப்படுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முடி இழுபட்ட இடம் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை போனில் சொன்னாள்: "இனிமே நான் வரலடி."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு எப்பவும் போலத்தான் இருக்கு."

"பின்ன என்ன?"

"அன்னைக்கு உக்காந்து பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"இதெல்லாம் ஒரு காரணமாக்கா?"

"எனக்கு இதுதான் காரணம்."

சின்னக்கா நேரில் வந்தாள். பெரியக்காவின் புருஷன் குடிநீர் நிலையத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். மதிய ஷிப்டுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "வாம்மா" என்று சொல்லிவிட்டு, இது தான் தலையிடுகிற விஷயமில்லை என்று காலரை நீவ ஆரம்பித்தார்.

சின்னக்கா எதையும் சுற்றி வளைக்கிறவள் இல்லை. கேமரா ரிப்பேர் பார்த்து வந்துவிட்டது, ஆனால் இனிமேல் அதை நம்பி ஒரு கல்யாணத்துக்குள் காலை வைக்க முடியாது, கூட ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றாள். "நீ வரலைன்னா விடு. உன்னைக் கட்டியா இழுத்துட்டுப் போக முடியும்? உன் கேமராவைக் கொடு. என்னோடதும் அதுவும் ஒரே ஜாதி. ஒரே பேட்டரி, ஒரே லென்ஸ். ஸ்பேருக்கு அதைவிடப் பொருத்தமா எதைத் தேடுறது?"

எல்லாம் சரிதான். ஒரு வார்த்தை தப்பில்லை. பெரியக்கா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கேமராப் பையை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அவளே அப்படித்தான் நினைத்திருந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"தர மாட்டேன்."

தேய்ப்புப் பெட்டி நடுவழியில் நின்றது.

"அதை வச்சு நீ என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

"அப்புறம்?"

"அது என் கழுத்துல கிடந்தது. தர மாட்டேன்."

சின்னக்கா அக்காவின் முகத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தார். பெரியக்காவுக்கே தன் மேல் ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கேமராவின் மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கண்ணில் படாமல் இருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஆனால் இப்போது எடுத்துக் கொடுத்தால், அன்றைக்குக் கேட்காமல் உருவினது சரி என்று ஆகிவிடும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அதைத் தங்கையிடம் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"சரி, தராட்டி போ" என்றாள் சின்னக்கா. "ஒரு ஸ்பேரைப் பாத்து எடுக்கவாவது கூட வா. ரெண்டாவது கேமராவைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் எப்பவும் முதல் கேமராதானே."

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவி கேட்டாள். அதனால்தான் பெரியக்காவால் மறுக்க முடியவில்லை. தன் இடத்துக்கு வரப்போகிற பெட்டியைத் தானே பார்த்து எடுக்க, மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பழைய கேமரா வாங்கி விற்கிற கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது. ரிப்பேர் பார்ப்பவரும் அவரே, கடைக்காரரும் அவரே. எந்தக் கேமராவைக் கொண்டுபோனாலும் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தூசிதான்" என்பார். அதனால் அவருக்குத் தூசி அண்ணன் என்றே பெயர். சின்னக்காவின் கேமரா ஒன்றுக்குத்தான் அவர் தூசி என்று சொல்லவில்லை. அதிலிருந்தே விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

"வாங்கம்மா, ரெண்டு பேருமா வந்திருக்கீங்க, பெரிய இடத்து வேலை போல" என்று கண்ணாடி மேசைமேல் துணியை விரித்து மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார்.

முதலாவது வேறு கம்பெனிக் கேமரா, நல்ல நிலையில் இருந்தது. சின்னக்கா கையில் எடுத்து லென்ஸ் வளையத்தைத் திருப்பினாள். கிட்டே கொண்டுவரத் திருப்பினால் எட்டப் போனது. அவள் பழகியதற்கு நேர் எதிர்த் திசை. இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அவசரத்துல என் கை என் பேச்சைக் கேக்காதுண்ணே. பழக்கத்தைத்தான் கேக்கும்."

இரண்டாவது, உள்ளே கண்ணாடி இல்லாத புது மாதிரிக் கேமரா. உள்ளங்கையில் அடங்கியது. சத்தமே போடாமல் படம் எடுத்தது. பழைய லென்ஸை மாட்ட நடுவில் ஒரு வளையம் வேண்டும், பேட்டரியும் வேறு; ஆனால் எடை என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. சின்னக்காவின் முகம் மலர்ந்துபோயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே உலாத்தினாள். சன்னல் வழியாகக் கீழே நின்ற பேருந்தை எடுத்தாள். தூசி அண்ணனை எடுத்தாள்.

"எடுத்துட்டீங்களா?" என்றார் அவர்.

"எடுத்து எவ்வளவு நேரமாச்சு."

மூன்றாவதை யாரும் தொடவில்லை. அவர்களுடைய அதே மாதிரிக் கேமராதான். பத்திரிகைக்காரர் ஒருவர் வருஷக்கணக்கில் உழைக்க வைத்துவிட்டு விற்றது. கறுப்புச் சாயம் மூலைகளில் போய் வெளிறியிருந்தது, பிடியில் இருந்த ரப்பர் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

"வெளியதான் பழசு" என்றார் தூசி அண்ணன். "உள்ள ஷட்டர் புதுசு, நானே போன மாசம் மாத்தினேன். பாக்க நல்லா இல்லன்னு ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாங்க."

"எனக்கும் அப்படி ஒண்ணு மாத்தி விடுங்கண்ணே" என்றாள் பெரியக்கா. "வெளிய எப்படி இருந்தாலும் பரவால்ல."

தூசி அண்ணன் சிரித்தார். சின்னக்கா சிரிக்கவில்லை, சின்னக் கேமராவிலேயே கண்ணாக இருந்தாள். "அக்கா, நீ சொல்லு. எது?"

பெரியக்கா பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்படியே இருந்தாள். தூசி அண்ணன் வேறு யாருடைய லென்ஸையோ பிரித்து, துடைத்து, பூட்டினார். சின்னக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னக்கா பண்ற?"

"சாயங்காலம் எப்படி இருக்கும்னு பாக்குறேன். காலைல எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்."

"அதுக்காகச் சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காரப் போறியா?"

"இடம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியக்கா.

கடைசியில் அவள் சொன்னது: பழையதை எடு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் உன் விரல் போகிற இடத்தில்தான் பொத்தான் இருக்கும். சின்னக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இருக்கிற கிழத்துக்குத் துணையாக இன்னொரு கிழமா, இதற்கு ஒரு ஸ்பேர் தேட நான் எங்கே போவேன் என்றாள். அப்படிச் சொன்ன பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று உறைத்ததோ என்னவோ, "கேமராவைச் சொன்னேன்" என்றாள்.

"நானும் கேமராவைத்தான் நினைச்சேன்" என்றாள் பெரியக்கா.

தூசி அண்ணன் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சின்னக் கேமராவை வாடகைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடித்தால் எடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். படி இறங்கும்போது சின்னக்கா, "இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வாயேன்க்கா" என்றாள். பெரியக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்து சேர்ந்த பிறகு, "வரலடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே இருந்தாள். உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. விடிவதற்கு முன்பே எழுப்பிவிட்டது. எழுந்து குளித்து, தலையை இறுக்கக் கொண்டை போட்டு, பாக்கெட் வைத்த மேல்சட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் போக ஒரு இடமும் இல்லை என்று ஞாபகம் வந்தது. சட்டையைத் திரும்ப மடித்து வைத்தாள். அலமாரியில் கேமரா இருந்தது. அதைத் தொடவில்லை. புருஷன் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "படுத்துக்கோ" என்றார். படுத்தாள். தூக்கம் வரவில்லை. மண்டபத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் வந்த தூக்கம், வீட்டில் இத்தனை அமைதியில் வரவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். சின்னக்கா மண்டபத்துக் குளியலறையிலிருந்து பேசினாள்.

"கேமரா எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பெரியக்கா.

"கேமராவுக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கு. எனக்குத்தான் முடியல. ரெண்டு கேமரா இருக்கு, கழுத்து ஒண்ணுதானே இருக்கு? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டே கிடக்கு. ஒரு பட்டையைக் கழட்டினா இன்னொண்ணுல மாட்டுது."

"ஒண்ணைத் தோள்ல போடு."

"போட்டேன், வழுக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இன்னொரு கூத்து கேளு. மொத்தக் குடும்பத்தையும் நிக்க வச்சு சின்னதுல எடுத்தேன். அது சத்தமே போடாதா, எடுத்தது யாருக்கும் தெரியல. எல்லாரும் பல்லைக் காட்டிட்டு அப்படியே நிக்குறாங்க. பெரியவர் ஒருத்தர் பல்லு வலிக்குதுன்னே சொல்லிட்டாரு. இனிமே நானே வாயால 'டக்'னு சொல்லணும் போல."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்தபோது தோள் வலித்தது. அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது; அது நின்றது; சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது.

"அக்கா."

"சொல்லு."

"உனக்கு வலிச்சுச்சா?"

"எப்போ?"

"அன்னைக்கு. நான் பட்டையை இழுத்தப்போ."

பெரியக்கா யோசித்துப் பார்த்தாள். "அப்போ வலிக்கல. கார்ல வரும்போதுதான் வலிச்சுது."

"எனக்கு அப்போ வேற எதுவும் தோணலக்கா."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல நீ?"

"என்னன்னு சொல்றது? நீ எடுத்த படம் நல்லாத்தானே வந்துச்சு."

யாரோ கதவைத் தட்டினார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே சின்னக்கா போனை வைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அது வராது. அப்பாவுக்கும் வராது, அம்மாவுக்கும் வராது. அதற்குப் பதிலாக இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். பெரியக்கா போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். இந்த முறை தூங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சின்னக்கா மடிக்கணினியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் படங்களை அக்காவுக்குக் காட்டினாள். நன்றாக இருந்தன. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது, பெண் அழகாக இருந்தாள், எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியக்கா கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். சுவரோரத்தில் யாருமே இல்லை. வாசலில் யாருமே இல்லை. அப்பா என்று ஒருவர் மேடையில் நான்கைந்து படங்களில் நின்றார். அவர் தனியாக எங்கே நின்றார், என்ன முகத்தோடு நின்றார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

"வீட்டுக்காரங்க பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க. ரொம்பப் பிடிச்சிருக்காம். பொண்ணே போன் பண்ணினா."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

தங்கைக்குக் கேள்வி புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா" என்றாள். "யாரும் கேக்கல."

பெரியக்கா தலையை ஆட்டினாள். பதினோரு வருஷம் சுவரோரமாக நடந்தவள் ஒருத்தி இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்து முடிந்திருக்கிறது. ஏதோ குறைகிறதே என்று ஒருவரும் சொல்லவில்லை. முகத்தில் யாரோ ஈரத்துணியைப் போட்டாற்போல இருந்தது. சில்லென்றும் இருந்தது, மூச்சும் முட்டியது. அப்பாடா என்று ஒரு பக்கம், அவ்வளவுதானா என்று ஒரு பக்கம்.

"ஆனா எனக்குத் தேடுச்சு" என்றாள் சின்னக்கா, திரையைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீ அந்த ஓரத்துல இருப்பன்னு."

பெரியக்கா எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். இருவரும் குடித்து முடித்தார்கள். அப்புறம் அவள் சொன்னாள்: "அந்தச் சின்னதைத் திருப்பிக் கொடுத்துடு. பழசை எடு. உன் கேமரா மறுபடி நின்னு போச்சுன்னா, நீ யோசிக்காமலே கை அதுக்குப் போகணும். சின்னதுக்கு யோசிக்கணும்."

"அசிங்கமா இருக்குக்கா அது."

"கேமராவையா போட்டோ எடுக்கப் போற?"

அன்றைக்கே போய் எடுத்தார்கள். தூசி அண்ணன் பிடியின் ரப்பரை உரித்துவிட்டு வேறு ஒட்டிக் கொடுத்தார். இரண்டு கேமராவையும் இரண்டு தோளிலிருந்தும் தொங்கவிடுகிற முதுகுப் பட்டை ஒன்றையும் எங்கிருந்தோ தேடி எடுத்தார். அதை மாட்டிக்கொண்டு சின்னக்கா கடைக்குள் நடந்தபோது, சண்டைக்குக் கிளம்புகிறவள் போல இருந்தாள். பெரியக்கா பின்னால் நின்று பட்டையை இழுத்து அளவு சரிபார்த்தாள். "கழுத்துல பாரம் வரக் கூடாது. வந்தா அன்னைக்கே சொல்லு. என்னை மாதிரி சேத்து வைக்காத."

சுவரோரத்துக்கும் ஆள் பிடித்தாயிற்று. முன்பு பள்ளிக்கூடக் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நெட்டைப் பெண் ஒருத்தி. மரியாதையான பெண், கேட்காமலே பை தூக்குகிறாள். ஆனால் பழக்க தோஷம். வாசலில் தனியாக நிற்கிற அப்பாவைக் கண்டால் பக்கத்தில் நாலு பேரை இழுத்து வந்து உயர வாரியாக நிற்கவைத்துவிடுகிறாள் என்று சின்னக்கா போனில் புலம்பினாள். "கொஞ்ச நாள் ஆகும்" என்றாள் பெரியக்கா.

படங்களைப் பிரித்து அடுக்குகிற வேலை மட்டும் பெரியக்காவுக்கு வந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் சொல்லு என்று அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். சன்னலோரம் மேசை, புருஷன் முதுகுக்கு வைத்துக் கொடுத்த தலையணை. கண்மூடிய படங்களைத் தள்ளவேண்டும், ஆடிய படங்களைத் தள்ளவேண்டும், ஒரே மாதிரி பத்து இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. மூன்றாவது வாரம் இடுப்பில் ஒரு புது வலி வந்து உட்கார்ந்துகொண்டது. தோள் வலி போகவும் இல்லை. அது பாட்டுக்கு அதன் இடத்தில் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துவிட்டுப் புருஷன் கேட்டார், "உக்காந்தாலும் வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்போ இதையும் விட்டுடேன்."

"விட்டுட்டு?"

அவர் சுவரில் சாய்ந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். நெட்டைப் பெண் எடுத்த படம் ஒன்று இருந்தது. மண்டபத்து வாசல், பெண்ணின் அப்பா. அவருக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், படிக்கட்டு வைத்தாற்போல நேர்த்தியாக நிற்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும், வரிசையில் நிற்கச் சொன்னதால் நின்றுவிட்டு, எங்கேயோ பார்க்கிறார்.

"இது எதுக்கு, ஆகாதுல்ல?" என்றார் புருஷன்.

பெரியக்கா மறுபடி உட்கார்ந்தாள். படத்தைப் பெரிதாக்கி, இந்தப் பக்கத்து இருவரையும் அந்தப் பக்கத்து இருவரையும் வெட்டி விட்டாள். அப்பா தனியாக நின்றார். வலதுபுறம் யாருடைய தோளோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருக்கட்டும் என்று வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.